மேலக்குளத்திடலில் படைப்பாற்றல் வாரம்

உலகில் இதுவரை மூன்று மறுமலர்ச்சிகள் நிகழ்ந்திருக்கின்றன. முதலாவது இத்தாலியில். இரண்டாவது வங்காளத்தில். மூன்றாவது, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே மேலக்குளத்திடல் உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில், 1972ஆம் ஆண்டு புரட்டாசி மாதம், செவ்வாய் முதல் சனி வரை. முதல் இரண்டைப் பற்றிப் புத்தகங்கள் வந்துவிட்டன. மூன்றாவது நடந்தபோது தலைமையாசிரியராக இருந்தவன் நான் என்பதால், அதை எழுதும் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது. என் பெயர் இராஜாங்கம்.

மறுமலர்ச்சி எங்களுக்குத் தபாலில் வந்தது. 'மாணவர்களின் படைப்பாற்றலை ஓவியத்தின் வாயிலாக ஒரு வாரம் கொண்டாடுக. கொண்டாடிய விவரத்தை மூன்று படிகளில் அனுப்புக. படைப்பாற்றல் இல்லாத பள்ளிகள் "இல்லை" என்று அறிக்கை அனுப்புக' என்றது சுற்றறிக்கை. 'இல்லை' என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். வெறிநாய்க்கடி பற்றிக் கேட்டபோதும் அப்படித்தான் செய்தோம். ஆனால் அதற்குள் காகிதம் பள்ளியின் தாளாளர் பஞ்சநதம் கண்ணில் பட்டுவிட்டது.

பஞ்சநதம் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் அவர் கட்டியது. பள்ளியைச் சுற்றி இருநூறு ஏக்கர் நஞ்சை அவருடையதாக இருந்தது. ஆட்சி மாறிய மறுவாரமே தம் துண்டின் கரையை மாற்றிக்கொண்ட முற்போக்குவாதி. ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, அவரிடம் சரியாகப் பதினைந்து ஏக்கர்தான் இருந்தது. மீதியை ஏற்கெனவே ஏழை எளியவர்களுக்கு விற்றிருந்தார். வாங்கியவர்களுக்கே தெரியாமல் விற்ற பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்?

"தலைமையாசிரியர்வாள், அந்த வாரந்தான் நிலச் சீர்திருத்தத் தாசில்தார் வர்றாரு. விழாவ சனிக்கிழமை வையுங்க. அவர் கையால பரிசு கொடுத்திடலாம்" என்றார்.

"அவர் வயல் பார்க்க வர்றார் இல்லீங்களா?"

"வெயில்ல எதுக்கு அவர வயலுக்கு இழுக்கணும்? படத்துல பாத்துக்கட்டும்."

இந்த யோசனையின் ஆழம் அப்போது அவருக்கே தெரியாது.

திங்கள் மாலை ஆசிரியர் கூட்டம் கூடியது. தலைப்பு 'எங்கள் ஊர்' என்று ஒருமனதாகத் தீர்மானமானது. ஓவிய ஆசிரியர் குஞ்சிதபாதம் கரும்பலகையில் மாதிரி ஒன்றை வரைந்தார். இரண்டு மலை. நடுவில் உதயசூரியன். மலையிலிருந்து ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை. வானத்தில் நான்கு பறவைகள்.

"எல்லாரும் இதையே வரையணுமா?" என்று கேட்டார் சாவித்திரி டீச்சர்.

"படைப்பாற்றல் ஆளுக்கு ஆள் வேற மாதிரி இருந்தா எப்படிம்மா மார்க்கு போடறது?" என்றார் குஞ்சிதபாதம்.

"நம்ம ஊர்ல மலை ஏது சார்? இங்கேர்ந்து எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்கெட்டின தூரம் வயல்தானே?"

குஞ்சிதபாதம் வருத்தத்துடன் அவரைப் பார்த்தார். "மலையில்லாம சூரியன் எதுலேர்ந்தும்மா வரும்?"

வாக்கெடுப்பு நடந்தது. மலை ஆறு வாக்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. செவ்வாய் முதல் வெள்ளி வரை நாற்பது பிள்ளைகள் எண்பது மலைகளை எழுப்பினார்கள். 'சுதந்திரமான வெளிப்பாடு' சிந்தாமல் சிதறாமல் கோடு தாண்டாமல் நடந்தது.

நாற்பத்தொன்றாவது பிள்ளைதான் அம்சம். எட்டாம் வகுப்பு. அவள் தாய் காளியம்மாள், பஞ்சநதத்தின் வயல்களில் நடவு நட்டு மகளைப் படிக்க வைத்தவள். தகப்பன் மருதையன் இறந்து நான்கு வருடம். மாதிரி வரைந்த நான்கு நாளும் அம்சம் பள்ளிக்கு வரவில்லை. தாய்க்குக் காய்ச்சல். வீட்டிலேயே இரண்டு அட்டைகளை ஒட்டி, தானாகவே 'எங்கள் ஊர்' வரைந்து சனிக்கிழமை காலை கொண்டுவந்தாள். மலை இல்லை. நான் மேற்கொண்டு எதையும் பார்க்காமல் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். ஆனால் கூடத்துச் சுவரில், போன வருடம்தான் தாளாளர் கட்டிக்கொடுத்த அந்தச் சுவரில், மழைநீர் இறங்கி ஒரு பெரிய கறை இருந்தது. அதை மறைக்கிற அளவு பெரிய படம் வேறு இல்லை. குஞ்சிதபாதம் அதை அங்கே மாட்டிவிட்டார். கலைக்கு இப்படித்தான் இடம் கிடைக்கிறது.

பதினொரு மணிக்குத் தாசில்தார் தியாகேசன் வந்தார். ஒல்லியானவர். கக்கத்தில் ஒரு கோப்பு. பிள்ளைகளைப் பெற்றவர்கள் தாழ்வாரத்திலும் ஜன்னலுக்கு வெளியிலும் நின்றார்கள். நான் வரவேற்புரையில் படைப்பாற்றலைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். தாளாளர் சமதர்மத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பிறகு தாசில்தார் படங்களைப் பார்க்கத் தொடங்கினார். மலை, மலை, மலை என்று நடந்துகொண்டே வந்தவர் கறைக்கு முன்னால் நின்றார்.

நின்றவர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோப்பைத் திறந்தார்.

படத்தில் வாய்க்கால் இருந்தது. மதகு இருந்தது. வரப்பு வரப்பாக வயல்கள். ஒவ்வொரு வயலிலும் அதன் சொந்தக்காரர் நின்றார். பக்கத்தில் பெயர் எழுதியிருந்தது. அவள்மேல் குற்றமில்லை. தாளாளரின் காரியஸ்தர் ஒரு மாதமாகத் தெருத்தெருவாக வந்து, எந்த வயல் யாருடையது என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தியிருந்தார். வாய்ப்பாடு மறந்த பிள்ளைகளுக்குக்கூட அது மறக்கவில்லை.

"இத வரைஞ்சது யாரும்மா?"

அம்சம் முன்னால் வந்தாள்.

"வடக்குவெளி, அஞ்சு ஏக்கர், லட்சுமி. எங்கிட்டயும் அப்படித்தான் இருக்கு. ஆனா நீ ஏன் மாட்டைப் போட்டிருக்கே?"

"லட்சுமி மாடுதான் சார். அய்யா வீட்டுக் கெடேரி. போன மாசம் கன்னு போட்டுச்சு."

தாசில்தார் கோப்பைப் பார்த்தார். "தகப்பன் பெயர் தெரியவில்லைன்னு எழுதியிருக்காங்களே."

"தெரியும் சார். மன்னார்குடி மாட்டாஸ்பத்திரிக் காளை."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள். தாளாளர் முகம் வெளுத்தது. பள்ளிக்கு ஓர் ஆபத்து என்றால் தலைமையாசிரியன் சும்மா இருக்கலாமா? நான் ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, என்ன ஒரு கற்பனை பாருங்கள். மாட்டுக்கு நிலம் என்று இந்தப் பிஞ்சு உள்ளம் கற்பனை செய்திருக்கிறது. கற்பனைக்கான முதல் பரிசு அம்சத்துக்கே."

தாளாளர் உயிர் வந்தவராகக் கைதட்டினார். வண்ணப்பெட்டியும் சான்றிதழும் வந்தன. அம்சம் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பன்னிரண்டு வண்ணம். அவள் கண் அதிலேயே நின்றது. ஆனால் கையை நீட்டவில்லை.

"கற்பனை இல்ல சார். எல்லாம் பாத்துதான் வரைஞ்சேன். எங்கப்பாவ மட்டும் போட்டோவப் பாத்து வரைஞ்சேன்."

"உங்கப்பாவா?"

அவள் விரலால் காட்டினாள். மேட்டுத்திடல், மூன்று ஏக்கர், மருதையன். வயல் நடுவில் ஒருவர் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்.

தாசில்தார் பக்கத்தைப் புரட்டினார். "மருதையன். கிரயம் வாங்கினது அறுபத்தொன்பது மார்ச்."

"எங்கப்பா செத்தது அறுபத்தெட்டு ஆடியில சார்."

அப்போதுதான் காளியம்மாள் உள்ளே வந்தாள். காய்ச்சல் விட்ட முகம். முந்தானையைக் கையில் இறுகச் சுற்றியிருந்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"செத்த மனுசன் எங்க போறாருன்னு தெரியாம இருந்தேங்க. எட்டு மாசம் கழிச்சுப் பத்திர ஆபீசுக்குப் போயிருக்காருன்னு இப்பத்தான் தெரியுது. நெலம் அவரோடதா சார்?"

தாசில்தார் தாளாளர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சொல்லணும். பத்திரம் பொய்யின்னா நிலம் உங்க பேருக்குத் திரும்பி வரும். உங்க பேருக்கு வந்தா வரம்பு தாண்டும். தாண்டினா அரசாங்கம் எடுத்துக்கும். எப்படி வசதி?"

பஞ்சநதம் துண்டின் கரையை ஒருமுறை தடவிக்கொண்டார். "பத்திரம் பத்திரந்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காளியம்மா, நாளைக்கு நம்ம வயல்ல நடவு. ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

அந்தத் தாழ்ந்த குரலின் அர்த்தம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் குரல் ஒருமுறை பேசினால் அந்த வீட்டுக்கு ஒரு வருடம் வேலை இருக்காது.

"இருக்குங்க. என் வயல்ல நட்டு முடிச்சிட்டு வர்றேங்க" என்றாள் காளியம்மாள்.

பரிசுக்குழு அங்கேயே அவசரமாகக் கூடியது. சான்றிதழில் 'கற்பனை' என்ற சொல் அடிக்கப்பட்டு 'கவனம்' என்று எழுதப்பட்டது. திருத்தத்துக்கு அருகில் நான் சுருக்கொப்பமிட்டேன். பிறகுதான் அம்சம் பெட்டியை வாங்கினாள்.

மறுநாள் விடிந்ததும், தாளாளர் ஆட்கள் ஏற்கெனவே உழுது நாற்றும் இறக்கி வைத்திருந்த மேட்டுத்திடலில் பதினோரு பெண்கள் இறங்கினார்கள். காரியஸ்தர் ஓடிவந்து வரப்பில் நின்றார். "யார் நெலத்துல யாரு நடறது?" என்று கேட்க வாயைத் திறந்தார். அந்தக் கேள்விக்கான விடையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மூடிக்கொண்டார். உச்சிப்பொழுதுவரை குடையைப் பிடித்தபடி நின்று பார்த்துவிட்டு, கடைசியில், "முதல் நாலு வரிசை நெருக்கமாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமையும் நடவு மிச்சமிருந்தது. அம்சம் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். 'சொந்த வயலில் நடவு' என்று எழுதினேன். அவர்கள் தெருப் பிள்ளை ஒன்றுக்கு அந்தப் பதிவேட்டில் அந்தக் காரணம் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. எழுதிய பிறகு சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

இத்துடன் விழா அறிக்கையை முடித்து மூன்று படிகளில் அனுப்பிவிட்டேன். ஆனால் மறுவாரம் புதன்கிழமை தாசில்தார் மறுபடி வந்தார். நேராக என் அறைக்கு வந்து கோப்பை மேசைமேல் வைத்தார்.

"பதினேழாவது பெயர். தெற்குவெளி, நாலு ஏக்கர், இராஜாங்கம், ஆசிரியர்னு போட்டிருக்கு. உங்க நிலத்த எனக்குக் காட்ட முடியுமா சார்?"

நான் எழுந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லா வயலும் ஒரே மாதிரி இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து அம்சத்தைக் கூப்பிட்டேன்.

"அம்சம், சாருக்கு என்னோட நிலத்தக் கொஞ்சம் காட்டும்மா."

அவள் சிரிக்கவில்லை. முன்னால் நடந்தாள். பின்னால் தாசில்தார். வரப்பில் இரண்டு முறை வழுக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசியாக நான். நாலாவது மதகைத் தாண்டி அவள் நின்றாள். முழங்கால் சேற்றில் தாளாளரின் பண்ணையாள் செல்லதுரை ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நெலத்துக்காரர் வந்திருக்காரு."

செல்லதுரை மாட்டை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எட்மாஸ்டர் சாரா? பன்னெண்டு வருசமா இந்த வயல உழுவுறேன். இதுக்குச் சொந்தக்காரர் நீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மேல மடை அடைச்சிருக்குன்னு உங்ககிட்டயே சொல்லியிருப்பேனே."

தாசில்தார் கோப்பிலிருந்து பத்திரத்தை எடுத்து என்முன் நீட்டினார். என் வேலை நிரந்தரமான அன்று தாளாளர் நீட்டிய காகிதங்களில் ஒன்று. அன்று நான் எதையும் படித்துப் பார்க்கவில்லை. படிக்காமல் இருந்ததற்குத்தான் வேலை நிரந்தரமானது.

"இது உங்களுதுதானே?"

செல்லதுரை பார்த்துக்கொண்டிருந்தார். அம்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். படைப்பாற்றலைப் பற்றி இருபது நிமிடம் பேசிய வாயால், அன்றைக்கு ஒரே வரிதான் சொல்ல முடிந்தது.

"கையெழுத்து மட்டுந்தான் சார் என்னுது. மத்ததெல்லாம் படைப்பாற்றல்."