மதிவதனி கொடுத்த கோச்சிங்

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். பத்தாம் வகுப்பில் என் மகள் ரித்திகா ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தே தீரணும். சிங்காநல்லூரில் பெட்ஷீட் கடை வைத்திருப்பவன் மகள் டாக்டராகக் கூடாதென்று சட்டமா?

கடையிலிருந்தே ஒரு டபுள் பெட்ஷீட் கொண்டுவந்து டிவியை மூடினேன். விடிகாலையில் எழுப்பி வல்லாரை ஜூஸ் கொடுத்தேன். பக்கத்து வீட்டு நரசிம்மலு மகன் வம்சியின் மார்க்கைத் தினமும் ஒப்பித்தேன். அவள் கணக்குப் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவையே முறைத்தேன். காலாண்டில் மார்க் குறைந்தது. இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். அடுத்த டெஸ்டில் ஃபெயில்.

"ஏனுங்க, புள்ளைய கொஞ்சம் உடுங்க. உங்களப் பாத்தாலே அவளுக்குத் தெரிஞ்சதும் மறந்து போகுது" என்றாள் என் மனைவி மதிவதனி.

"பெத்தவங்க பக்கத்துல இருந்தா தெம்புதான் வரும் மதி."

"அப்படிங்களா?" என்று அடங்கிவிட்டாள். அவள் அடங்கியபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

நான் வாங்கிய புதுக்கார் வாசலில் நின்றது. அடுத்த வாரம் எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். மறுநாள் விடிகாலையில் என் போர்வை பறந்தது. முன்னால் வல்லாரை ஜூஸ்.

"குடிங்க. டெஸ்ட் வருதில்லீங்க?"

"எனக்கு நல்லா ஓட்ட வருது மதி."

"நரசிம்மலு அண்ணன் ஒரே தடவைல பாஸுங்க. அவரும் சோறுதானுங்க திங்கறாரு?"

சோறு போடும்போதெல்லாம் கியர் பற்றிக் கேள்வி கேட்டாள். பதில் சொன்னால்தான் ரசம். டெஸ்ட் அன்று ரித்திகாவையும் நரசிம்மலுவையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டாள்.

"பயப்படாதீங்க! நம்ம மானமே உங்க கையிலதானுங்க!"

பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வெளியே மூன்று பேரும் என்னையே முறைத்துப் பார்த்தார்கள். ரிவர்ஸ் போட்டேன் என்றுதான் நினைத்தேன். கார் முன்னால் பாய்ந்து கம்பத்தில் மோதி நின்றது.

இறங்கியதும் கத்தினேன். "இப்படி எல்லாரும் முறைச்சுப் பாத்துட்டு நின்னா எவனுக்கு ஓட்ட வரும்? தனியா உட்டிருந்தா பாஸ் பண்ணிருப்பேன்!"

"கேட்டயா கண்ணு? அப்பாவே சொல்லிப்போட்டாரு. இனி கதவச் சாத்திட்டு நீ தனியாவே படி" என்றாள் மதிவதனி. ரித்திகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் மறுப்பதற்குள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்: "அடுத்து மதிவதனி யாருங்க?"

தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வெண்ணெய் மாதிரி ஓட்டினாள். பாஸ்.

"நீ எப்படி கத்துக்கிட்ட?"

"நீங்க கடைக்குப் போனப்பறமுங்க. யாருக்கும் சொல்லலீங்க. நிம்மதியா வந்துதுங்க."

அரையாண்டில் ரித்திகா கணக்கில் தொண்ணூறு. மருதமலைக்குக் காரில் கிளம்பினோம். முன்சீட்டில் அம்மாவும் மகளும். பின்சீட்டிலிருந்து, "மெதுவா மதி, லாரி வருது" என்றேன்.

"ஏனுங்க, கொஞ்சம் கண்ண மூடிக்குங்க."

கண்ணோடு சேர்த்து வாயையும் மூடிக்கொண்டேன்.