எலுமிச்சம்பழம் முடிந்த துண்டு

சேர்வராயன் மலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்குள் ஊரார் 'துண்டு பாய்' என்று கூப்பிட்டவரைப் போலக் குறி தப்பாமல் துண்டு வீசுகிற இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். பாய் ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி மளிகைக் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் கடைப் பலகையில்தான் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

எண்பதுகளில் நான் சேலத்தில் குமாஸ்தா. தினமும் காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கவேண்டும். பஸ் வந்து நிற்பதற்குள் சர்ரென்று ஒரு சிவப்புத் துண்டு பறந்து வந்து முன் ஜன்னல் சீட்டில் விழும். அதன் முனையில் ஒரு எலுமிச்சம்பழம் முடிந்திருக்கும். பாய் கையிலிருந்து வரும் பழம் மந்திரித்ததாகத்தான் இருக்கும் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. தொட ஒருவருக்கும் துணிச்சல் வராது. விஷயம் தெரியாத வெளியூர்க்காரர் ஒருவர் துண்டின் மேலேயே உட்கார்ந்தார். இரண்டாவது வளைவில் டயர் பஞ்சர். மனிதர் நடந்தே மலையேறி வந்து பாயிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஒருநாள் அந்தப் பழம் என் மூக்குக் கண்ணாடியைப் பதம் பார்த்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்குத்தான் பாய் இந்த இடம்?"

"கண்ணாடி போனா வேற வாங்கிக்கலாமுங்க சார். அம்மணி, நீ ஏறு!"

ஏறியவள் மாரக்கா. தலைச்சோலையில் காப்பிப் பழம் பறிப்பவள். அவளுக்குக் கேன்சர். சேலம் ஆஸ்பத்திரியில் 'கரண்டு' வைத்துக்கொண்டிருந்தாள். கதிர்வீச்சு வைத்தியத்துக்கு மலையில் அதுதான் பெயர். வளைவுக்கு வளைவு வாந்தி பிடுங்கும். ஜன்னல் காற்றும் எலுமிச்சை வாசமும் இல்லாவிட்டால் அவள் சேலம் போய்ச் சேரமாட்டாள்.

"அப்போ மந்திரிச்ச பழம் இல்லையா?" என்றேன்.

"மெல்லப் பேசுங்க சார்! சும்மா பழம்னு தெரிஞ்சா சீட்டு தங்குமுங்களா?"

பாயின் மனைவியும் இதே நோய்க்கு இதே பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவர். "நொம்ப முடியலீங்கன்னு பாதியில நிறுத்திட்டா சார். நோவு கொல்லலீங்க, பஸ்ஸுதான் கொன்னுருச்சு," என்று பாய் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். சொன்ன கையோடு யாரையோ திட்டப் போய்விட்டார்.

மாரக்காவும் பாதியில் நிறுத்தப் பார்த்தாள். ஜன்னல் கிடைத்தது, பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இல்லை. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று எல்லோருக்கும் பயம்.

"நான் இனி வல்லீங்க பாய். எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. செத்தா என்ற ஊட்டுலயே சாவறேன்."

பாய் நேராகப் போய் பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இந்தக் கண்ணு பக்கத்துல ஒரு ஆள் உக்காந்தாத்தான் எந்திரிப்பேன். அடிச்சுக்க ஹாரனை!"

ஆபீசுக்கு நேரமாகிறதே என்ற எரிச்சலில் நான் போய் உட்கார்ந்தேன். தியாகம் எல்லாம் ஒன்றுமில்லை. மறுநாள் பூக்காரம்மா உட்கார்ந்தாள். அப்புறம் அதுவே முறையாகிவிட்டது. மாரக்காவின் கஞ்சித் தூக்கை டிரைவர் எஞ்சின் மூடியின் மேல் வைத்துக்கொள்வார். சேலம் வரை சூடு ஆறாது. மாரக்கா வைத்தியத்தை முடித்துக்கொண்டு மறுபடி தோட்டத்துக்குப் போனாள். துண்டு அடுத்து செம்மநத்தத்துப் பெரியவர் ஒருவருக்காகப் பறந்தது.

சில வருஷம் கழித்துப் பாயின் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்கு, மிளகு எதற்கும் திறக்கவில்லை. அதே நோய். கரண்டு வைக்கச் சொன்னார்கள். பாய் அசையவில்லை.

"நான் போயிட்டா துண்டு யாரு போடறதுங்க?" என்றார், காற்று மட்டும் வருகிற குரலில்.

விஷயம் கேட்டு மாரக்கா கடைக்கே வந்துவிட்டாள். "நாளைக்கு நீங்க ஏறுலீன்னா நான் ரோட்டுல உக்காருவனுங்க பாய்! சொல்லிப்போட்டேன்!"

மறுநாள் பஸ் வந்தது. வானத்தில் துண்டுகள்! ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். மாரக்காவின் பழம் டிரைவர் மண்டையில் விழுந்தது. உள்ளே போனால் எல்லா சீட்டிலும் துண்டு. என் துண்டு முன் ஜன்னலில் சரியாக விழுந்திருந்தது. மற்றதெல்லாம் எந்த நோயாளிக்குப் போட்டதோ என்று யாரும் தொடவில்லை. சீட்டெல்லாம் காலி, ஆட்களெல்லாம் நின்றுகொண்டிருந்தோம்.

பாய் ஏறினார். ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கிறுக்குப் பசங்களா, ஒரு ஆளுக்கு எத்தனை சீட்டுடா?"

குரல் பாதிதான் வந்தது. கண்ணைத் துடைக்க என் துண்டைத்தான் எடுத்தார். பக்கத்து இடத்துக்கு எங்களுக்குள் தள்ளுமுள்ளு. மாரக்கா எல்லோரையும் இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

அவருக்கு வைத்தியம் முடியும்வரை அந்த ஜன்னலில் தினமும் துண்டு போட்டது நான்தான். வேறு எவனாவது முந்திவிடுவானோ என்று விடிவதற்குள் எழுந்து ஓடுவேன். ஆபீசுக்காக நான் அத்தனை சீக்கிரம் என்றைக்குமே எழுந்ததில்லை.