ஃபயர்பிளேஸைக் காப்பாற்றிய வீரர்

ஞாயிற்றுக்கிழமை நித்திரையைக் கிருஷ்ணராசா யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். கிழமை முழுக்க பேக்கரியில் நின்று முறிகிற மனுசன். அந்த ஒருநாள் மட்டும் முன்னறை சோபாவில் சரிந்தால், சாப்பாட்டுக்குத்தான் கண் திறப்பார். அதற்கும் கொள்ளி வைத்தாள் மனைவி நகுலேஸ்வரி.

"இஞ்சாருங்கோ, இந்த ஃபயர்பிளேஸை உடைப்பம்."

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். சட்டன் என்ற ஊரில் அவர்கள் வாங்கியது விக்டோரியா காலத்து வரிசை வீடு. முன்னறைச் சுவரில் இரும்பும் ஓடும் பதித்த, குளிர்காய நெருப்பு மூட்டுகிற பழைய ஃபயர்பிளேஸ். முன்பு இருந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பூச்சு வெள்ளை பெயின்ற் அப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஆர் உடைக்கிறது?"

"வேறை ஆர்? நீங்கள்தான். தம்பி நிரூபன் பெரிய சுத்தியல் கொண்டு வாறானாம்."

சுத்தியல் என்றதுமே அவருக்கு இடுப்பு நாரியெல்லாம் நொந்தது. ஏலாது என்றால் சண்டை. சண்டை என்றால் நித்திரை போச்சு. மனுசன் சரித்திரத்தைக் கையில் எடுத்தார்.

"உமக்கென்ன விசரே? இது மகாராணி காலத்துச் சாமான்! மேலை பாரும், சீலிங் நடுவிலை எவ்வளவு பெரிய பூ வேலைப்பாடு. ஜன்னலைப் பாரும், மேலையும் கீழையும் இழுக்கிற ஜன்னல். இப்ப தேடினாலும் கிடையாது."

"பார்க்க அசிங்கமாய்க் கிடக்கே!"

"அது பெயின்ற்! சுரண்டினால் உள்ளுக்கை பச்சை ஓடு. பூப்போட்டு மினுங்கும்."

"மெய்யே?"

"பின்னை? புகைக்கூடும் பக்கத்து வீட்டோடை சேர்ந்தது. இஞ்சை உடைச்சால், மேலை கிடக்கிறது தவநாயகியக்காவின்ரை தலையிலைதான் விழும்."

"நீங்கள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்."

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் வாயில் வராத வசனம். அப்போதே உசாராகியிருக்க வேண்டாமா? பாவி மனுசன், வென்ற புளுகத்தில் சந்தோஷமாய்க் குறட்டை விட்டார்.

அடுத்த ஞாயிறு சரியப் போனால் சோபாவைக் காணவில்லை. மூலைக்குத் தள்ளிப் பிளாஸ்டிக்கால் மூடியிருந்தது. ஃபயர்பிளேஸுக்கு முன்னால் கையுறை, முகமூடி, சுரண்டுகிற தகடு. பக்கத்து வீட்டுத் தவநாயகியக்கா கோயில் கூட்டாளிமாரோடு தேத்தண்ணியும் கையுமாக இருந்தா.

"தம்பி, நீங்களே சுரண்டப் போறியளாம். பார்த்திட்டுப் போவமெண்டு வந்தனாங்கள்."

"இவர் வேறை ஆரையும் தொட விடமாட்டார் அக்கா," என்றாள் நகுலேஸ்வரி. "உதுகளிலை அவ்வளவு பற்று."

அத்தனை பெண்களுக்கு முன்னால் எப்படிப் பின்வாங்குவது? முகமூடியைப் போட்டார்.

வந்தவர்கள் வடை சாப்பிட்டுப் போய்விட்டார்கள். பொழுதுபட, ஒரு வரிசைப் பச்சை ஓடு மட்டும் வெளியே தெரிந்தது. இன்னும் எத்தனை ஞாயிறு போகுமோ? கிருஷ்ணராசா நாரியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

"என்னாலை ஏலாது. நிரூபனைச் சுத்தியலோடை வரச்சொல்லும். உடைப்பம்."

"அவனிட்டை ஏது சுத்தியல்? இவ்வளவு வடிவான சாமானை ஆரும் உடைப்பினமே?"

"நீர்தானே உடைக்கச் சொன்னனீர்!"

"சுரண்டித் தாங்கோ எண்டு கேட்டிருந்தால், உடைச்செறியெண்டுதானே சொல்லியிருப்பியள்?"

கிருஷ்ணராசா முகமூடியைக் கழற்றி எறிந்தார். நகுலேஸ்வரி தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மெல்ல அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, சீலிங்கிலை கிடக்கிற அந்தப் பூவை உடைப்பமோ?"