மாப்பிள்ளை விசாரிக்கும் ரீலோட் நானா

எங்கள் ஊர் கண்டக்குழியின் ரீலோட் நானாவை ஏமாற்றக்கூடியவன் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால், அவனுடைய வாப்பாவின் பெயரை நானா ஏற்கெனவே கேட்டு வைத்திருப்பார்.

போனுக்கு ரீலோட் போடுவதும் போன் வழியே காசு அனுப்பிக் கொடுப்பதும்தான் அவர் தொழில். முன்பின் தெரியாத ஆளுக்குக் காசு அனுப்ப யாராவது வந்தால் போதும், அந்த ஆளைப் பற்றி எங்கள் ஊரில் மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். எந்த ஊர், எந்தப் பள்ளி ஜமாஅத், உம்மா வழியில் யார் யார்? பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக் கடலில் சறுக்கி விளையாட வந்த வெள்ளைக்காரர் சிம் கேட்டபோது, அவருக்கு எத்தனை சகோதரிகள் என்று கேட்டவர். கட்டாரிலிருந்து புது நம்பரில் பேசிய சொந்த மகனையே, "ஒண்ட உம்மாட உம்மா பேரென்ன?" என்று மடக்கினார். மகன் கோபித்துக்கொண்டு ஒரு கிழமை பேசவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான். பத்திரிகையில் எழுதுகிறவன், நாலும் தெரிந்தவன் அல்லவா! அந்த நான்தான் ஒருநாள் காலையில், கூரை மாற்ற வைத்திருந்த காசைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். லண்டன் லொத்தரில் எனக்குப் பரிசு விழுந்திருந்தது. வரியை மட்டும் முதலில் கட்டவேண்டுமாம். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

"லொத்தர் எடுத்தீங்களா சேர்?"

"இல்ல நானா."

"எடுக்காம எப்பிடி விழும்? அவன்ட நம்பரத் தாங்க."

ஸ்பீக்கரில் போட்டார். லண்டன் ஆபீஸின் தமிழ் அதிகாரி தேனாகப் பேசினார்.

"வாப்பா பேரென்ன தம்பி? ஆபீஸுக்குப் பக்கத்தில என்ன கடை இரிக்கி? பகலைக்கு என்ன சாப்பாடு?"

"அதெல்லாம் எதுக்கு? ரெண்டு மணித்தியாலத்தில கட்டாட்டி பரிசு போயிடும்!"

"ரெண்டு மணித்தியாலத்தில நிக்காஹ் வைக்கச் சொல்ற மாப்பிள்ளைக்கு வேற ஊர்ல ஒரு பொஞ்சாதி இரிக்கும் தம்பி!"

அதிகாரி எங்கள் இரண்டு பேருடைய வாப்பாமாரையும் சேர்த்துத் திட்டிவிட்டு லைனை வெட்டினார்.

சத்தம் கேட்டு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றது என் மனைவியின் தம்பி. "யாருக்கு நானா லொத்தர்?" என்றான்.

மேசைக்கடியால் என் காசை என் கையில் திணித்தபடி நானா சொன்னார்: "எனக்குத்தான். ஏமாறப் பாத்தேன். நல்ல வேளை, சேர் வந்து தடுத்தாரு."

ஒரு மாதம் ஊரே அவரைக் கேலி செய்தது. ஏமாறாதவர் என்ற பெயர் ஒன்றுதான் அந்த மனிதரின் பெருமை. அதை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார்.

இந்த மாரிக்கு எங்கள் வீடு ஒழுகவில்லை. இப்போது நானாவுக்குப் போன் எடுத்தால், அவர் கேட்க முன்பே என் வாப்பாவின் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

"தேவயில்ல சேர், ஒங்கள எப்பவோ விசாரிச்சு முடிச்சிட்டேன்" என்று சிரிக்கிறார். அதைக் கேட்பதற்காகவே சில நாள் போன் எடுக்கிறேன்.