வெந்நீரில் தேறாத கலர்ப் பெட்டிகள்

அருள்புரம்,
14.7.1994

மரியாதைக்குரிய சென்னியப்பன் மச்சானுக்கு, மயில்சாமி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை கமலாம்பாளும் சௌக்கியம். மகள் ஞானாம்பாளும் சௌக்கியம்தான், ஆனால் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. கணியூரில் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா?

நீங்கள் டிராயிங் மாஸ்டர் என்பதால் உங்களிடம்தான் கேட்க முடியும். ஞானாம்பாளின் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்புக்கு ஒரு அறை ஒழித்திருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் என்ன கலர் வாங்குவது என்று பேச்சு வந்தபோது, தலைமையாசிரியை என்னைக் காட்டி, "டையிங் மாஸ்டருங்க, கலரைப் பத்தி இவரை விட ஆருக்குத் தெரியும்" என்றுவிட்டார். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துப் போனது. நாளை வெள்ளிக்கிழமை நான் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அறையில் சத்துணவு அரிசி மூட்டையை அடுக்கிவிடுவார்களாம். ஞானாம்பாளோ அந்த அறையைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் இருந்தாள்.

மூன்று சாம்பிள் பெட்டி வந்தது. எங்கள் சாயக் கம்பெனியில் துவைத்துப் பார்க்காமல் எந்தக் கலரையும் பாஸ் பண்ணுவதில்லை, அது உங்களுக்கே தெரியும். மெழுகுக் கலர் வெந்நீரைத் தாங்கியது, இஸ்திரி வைத்ததும் உருகி என் வெள்ளை வேட்டி போச்சு. கலர் பென்சிலை ஈரத்துணியால் தேய்த்தேன், துணியில் ஒட்டிக்கொண்டது. அடுத்தது தண்ணீர்க் கலர். அதில் ஞானாம்பாள், எங்கள் கம்பெனிச் சாயத் தண்ணீர் போய் விழுகிற நொய்யல் ஆற்றை வரைந்து மேசையில் வைத்திருந்தாள். நீல ஆறு, பச்சை மரம், கரையில் சிவப்புச் சேலைகள். நல்ல சாம்பிள் என்று எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வைத்தேன். எடுத்துப் பார்த்தால் ஆறு எது, கரை எது என்றே தெரியவில்லை. பிள்ளை அழுத அழுகை இருக்கிறதே, அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"ஏனுங்க, படத்தை ஆராச்சும் தொவைப்பாங்களா?" என்றாள் கமலாம்பாள். "மழையில நனைஞ்சா?" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மச்சான், எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் பட்டால் ஓடுகிற கலரைத் தயாரிக்கிறவர்கள் என்ன நினைத்துத் தயாரிக்கிறார்கள்? நீங்கள் இதைத்தான் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷமாகக் கொடுக்கிறீர்களா? ஒருத்தர்கூடத் திருப்பி அனுப்பவில்லையா? மூன்றுமே தேறவில்லை என்று எழுதி வைத்துவிட்டேன். அரிசி மூட்டையே வரட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளை அந்தப் பழனியாண்டவன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
மயில்சாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஞானாம்பாள் அந்தப் படத்தைக் காயவைத்து எடுத்து வந்தாள். ஊதாவும் சிவப்பும் பச்சையுமாகக் கலங்கிக் கிடந்தது. வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் நீலத்துல வரைஞ்சதுதானுங்க தப்பு. இப்பத்தான் நம்ம ஆறு மாதிரியே இருக்குது" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. சாயம் போகாது என்று தினமும் கையெழுத்துப் போடுகிறவன் நான், உறையை ஒட்டாமல் திரும்பப் பேனாவை எடுத்தேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். தண்ணீர்க் கலரையே வாங்கச் சொல்லப் போகிறேன். நீலம் எத்தனை டப்பா வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். "வானத்துக்கு மட்டுந்தானுங்களே, ஒண்ணு போதும்" என்கிறாள்.