அக்கா சிரித்த படத்தை அழிக்க மாட்டேன்

ஹெரேஸ், சக்கத்தேகாஸ்
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய அக்கா டொமித்திலாவுக்கு, உன் ஒரே தம்பியும், உன் மகள் மரிசோலின் கல்யாணத்தைப் படம் பிடித்த குற்றவாளியுமான எலிசேயோ எழுதிக்கொள்வது. நான் நலம். உன் முட்டிவலி, உன் கோழிகள், என் மேல் உனக்குள்ள கோபம் எல்லாமே அங்கே சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த தெருவில் இருந்துகொண்டு தபாலில் கடிதம் போடுகிற அக்காவை இந்த ஊர் இப்போதுதான் பார்க்கிறது. கோவிலில் நீ சிரித்த அந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், கம்ப்யூட்டரிலும் இருக்கக் கூடாது, ஃப்ளாஷ் அடித்ததற்குப் பாதிரியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்கு உன் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். என் பதிலைக் கேட்டுக்கொள். எடுக்க மாட்டேன். கேட்க மாட்டேன். ஏறவும் மாட்டேன். கறியை நீயே தின்னு.

கல்யாண வீட்டு நாகரிகம் தெரியாதவன் என்று வேறு எழுதியிருக்கிறாய். யாரைப் பார்த்து அக்கா? இந்த ஊரில் மோதிரம் மாற்றிக்கொண்டவர்களில் பாதிப் பேரைப் படம் எடுத்தவன் நான். மரிசோல் முகத்திரையோடு நடந்து வரும்போது நடுவழியில் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றானே நம் பெரியப்பா மகன், அவனுக்குக் கடிதம் போட்டாயா? ஆல்பத்தில் கல்யாணப்பெண் வருகிற பக்கம் முழுக்க அவன் வழுக்கைதான் மின்னுகிறது. மாப்பிள்ளையின் அத்தை தரையைக் கூட்டுகிற மாதிரி வெள்ளை கவுன் போட்டு வந்தாளே, கண் தெரியாத ரெண்டு கிழவர்கள் அவள்தான் கல்யாணப்பெண் என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்களே, அவளுக்குப் போட்டாயா? இல்லை. உனக்குத் தம்பிதான் கிடைத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வழக்கப்படி ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பாட்ரினோ பிடித்தாய், அதாவது அந்தச் சாமான் அவர் பொறுப்பு, அவர் உபயம். கேக்குக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர், ஜோடியின் தோளில் போடும் ஜெபமாலைக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர், கை துடைக்கிற நாப்கினுக்குக்கூட ஒருவர். யாரை விட்டாலும் மனஸ்தாபம் என்று தேடித் தேடிக் கொடுத்தாய். கடைசியில் மருந்துக்கடை டோன் நிக்கனோர் மிச்சமானார். மணமக்கள் முழங்காலிடும் மெத்தைகளை அவர் தலையில் கட்டினாய். மனுஷர் அதை மேயர் பதவி மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் முன்வரிசையில் அன்செல்மோ அத்தான் நினைவாக ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதில் அவருடைய ஓலைத்தொப்பியை வைக்க வேண்டும் என்று மரிசோல் ஆசைப்பட்டாளே, அந்த நாற்காலிக்கு மட்டும் நீ பாட்ரினோ போடவில்லை. காவலுக்கு ஆள் இல்லாத ஒரே சாமான் அதுதான். இதில் என் தப்பு எங்கே வந்தது?

டோன் நிக்கனோர் தாமதமாக வந்தார். கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பாதிரியார் பிரசங்கத்தில் உருகிக்கொண்டிருந்தார். அன்செல்மோவின் இடத்தில் இனி யாருமே உட்கார முடியாது என்று அவர் கையை நீட்டிச் சொன்ன அதே நொடியில் டோன் நிக்கனோர் போய் உட்கார்ந்தார். முன்வரிசையில் காலி நாற்காலி, அதன்மேல் உருண்டையாக ஏதோ இருக்கிறது, நாம்தானே மெத்தை பாட்ரினோ, நமக்கென்றே ஒரு மெத்தை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். மொறுக் என்று ஒரு சத்தம். எழுந்து, அடியிலிருந்து அதை உருவி, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்:

“மெத்தை மேல யாருய்யா தொப்பிய வெச்சது?”

அப்புறம் ஒரு சத்தம் வந்தது. யாரோ அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் நீ. தலைத்துணி ஒரு காதுக்கு நழுவி, தங்கப்பல் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். அத்தான் போன நாளிலிருந்து ரேடியோவை அணைத்து வைத்தவள். என் கேலிப் பேச்சுக்குக்கூட உதடு அசைக்காதவள். உன் முகம் இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது அக்கா. நீ சிரித்த இடத்தில் வெளிச்சம் இல்லை. ஃப்ளாஷ் அடித்தேன். பாதிரியார் மைக்கிலேயே என் பேரைச் சொல்லித் திட்டினார். திட்டட்டும், நாளைக்கும் அடிப்பேன்.

உன் மகள் பீடத்தின் முன்னால் நின்றபடி என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, அம்மாவ எடுத்துட்டீங்களா?”

எடுத்துவிட்டேன் என்று தலையாட்டினேன். அதற்குத்தான் அவள் கண் மை கலையக் கலைய அழுதாள். நீ நினைக்கிற மாதிரி தொப்பிக்காக அழவில்லை.

புருஷன் தொப்பி நசுங்கியதற்குப் பல்லைக் காட்டிய விதவை என்று ஊர் பேசும் என்கிறாய். பேசட்டுமே. அத்தான் மட்டும் அங்கே இருந்திருந்தால் உனக்கு முன்னால் அவர் சிரித்து, டோன் நிக்கனோரை இன்னொரு தரம் உட்காரச் சொல்லியிருப்பார். அந்த மனுஷனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் இது உனக்குத் தெரியவில்லையா? ஆகவே படம் ஆல்பத்தில் இருக்கும். முதல் பக்கத்தில் இருக்கும். நீ தலைகீழாக நின்றாலும் இருக்கும்.

சோலெதாத் மாதா உன் முட்டிகளுக்குப் பலமும் உன் கோழிகளுக்கு ஆயுளும் உன் மனதுக்குக் கொஞ்சம் ஈரமும் தரட்டும். மாப்பிள்ளைக்கும் மரிசோலுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வளைந்து கொடுக்காத உன் தம்பி
எலிசேயோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அது உன் முகம். அதை யாருக்குக் காட்டுவது என்று சொல்ல நான் யார்? ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டேன். பாதிரியாரிடமும் போய்விட்டுத்தான் வந்தேன். மரிசோலுக்கு இன்னும் தெரியாது, அவளுக்குச் சொல்ல வேண்டியது நீதான். இனி உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த உறைக்குள் இருக்கிற ஒரே ஒரு பிரதி. கிழிப்பதானால் கிழி அக்கா. ஆனால் பார்த்துவிட்டுக் கிழி.