கோலம் சாருக்காக நான் சாப்பிட்ட இட்லி

காஞ்சிபுரத்தில் மூளைக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் தன் சட்டைப் பொத்தானை ஒரு நாளும் சரியாகப் போடாமல், உலகத்து ஞாபகமறதிக்கெல்லாம் வழி தேடியவர் கோலம் சார் ஒருவர்தான்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். சின்ன காஞ்சிபுரத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அல்சைமர் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள, சென்னையில் ஆராய்ச்சி வேலையை உதறிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர் அவர். வெளிநாட்டு விஞ்ஞானிகள் இணையத்தில் போட்டிருந்த மூளையில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கை என் கம்ப்யூட்டரில் இறக்கி, ஜீனுக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடு போட்டு இணைப்பார். பிரிண்ட் எடுத்தால் மார்கழி மாத வாசல் மாதிரி இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

அவருடைய புரோகிராம் ஓடி முடிய நாள்கணக்கில் ஆகும். நடுவில் யாராவது நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பையன்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். மின்வெட்டு மட்டும் எந்தக் குங்குமத்துக்கும் கட்டுப்படவில்லை.

"ஒரு ஜீனைத் தனியா பார்த்தா ஒண்ணும் தெரியாதுப்பா," என்பார். "தண்ணி லாரி வந்தா பத்து வீட்டுக் கதவும் ஒண்ணா திறக்கறதோல்லியோ? அப்படி ஒண்ணா முழிச்சுண்டு ஒண்ணா தூங்கற ஜீனெல்லாம் ஒரு கூட்டம். மறதி வந்தவா மூளையில எந்தக் கூட்டம் கலைஞ்சுதுன்னு பார்க்கணும்."

எனக்குப் புரியவைப்பதற்காக, எந்தக் கதவு எதனோடு திறக்கிறது என்று தெருவில் நின்று குறித்துக்கொண்டார். எதிர்வீட்டு நெசவாளி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"என் வூட்டுக் கதவு எப்ப தொறந்தா உனக்கு இன்னா சார்? பொம்பளைங்க இருக்கிற வூடு."

"கோச்சுக்காதீங்கோ. நீங்கள்லாம் ஜீன்."

"யாரைப் பார்த்து இன்னா வார்த்தை சொல்ற?"

விலக்கிவிடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சிரித்தோமே தவிர, அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருடைய அம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சில நாள் அவரைத் தபால்காரர் என்று நினைத்து "லெட்டர் இருக்கா?" என்பார். சில நாள் டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டுவார். இவரும் பார்த்துவிட்டு, "நன்னா இருக்கு மாமி," என்பார்.

"ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போறும்ப்பா," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பழைய ஞாபகம் எதுவாவது வருமா என்று ஒரு நாள் அம்மாவுக்குக் கோவில் இட்லி கொடுத்துப் பார்த்தார். ஒரு நாள் பழைய பட்டுப் புடவையைக் காட்டினார். இன்னொரு நாள் ரேடியோ. அம்மாவிடம் ஓர் அசைவும் இல்லை.

"தனித்தனியா பார்க்காதேன்னு நீங்கதானே சார் சொல்வீங்க?" என்றேன்.

கோலம் சார் என்னை வாய் பிளந்து பார்த்தார். மறுநாள் காலை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அம்மாவுக்குப் பட்டுப் புடவை, ரேடியோவில் காலைப் பாட்டு, மந்தாரை இலையில் மிளகு மணக்கும் இட்லி. பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளை உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அந்தக் காலத்துக் காலைவேளை சரியாக வரும் என்றார். பாட்டு நிற்காமல் இருக்க அவர் ஏரியலைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்ததால், பிள்ளையாக நான் உட்கார்ந்தேன்.

அம்மா இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சீனு, மெதுவா சாப்பிடுடா. விக்கிக்கப் போறது."

கோலம் சாரின் பெயர் சீனு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சரிம்மா."

வெளியே வந்ததும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "கோடு அறுபடலைப்பா. புள்ளிதான் மாறிடுத்து. நாளைக்கும் வரியா?"

அம்மா இருந்தவரை தினமும் காலையில் போனேன். அம்மா என்னைக் கூப்பிடுவார், கோலம் சார் பின்னால் நின்று பதில் சொல்வார். பேசாமல் சாப்பிடுவது என் வேலை. அம்மா காலமான பிறகு அவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

காஞ்சிபுரம் இட்லி இப்போது எந்த ஊரிலும் கிடைக்கிறது. பின்னாலிருந்து "சரிம்மா" என்று சொல்ல அவர் இல்லாமல், எனக்குத்தான் அது இறங்குவதில்லை.